கட்டு முதலில், வாய்க்கால் பிறகு
கணினிக்குக் காவல் தேடுவோர்க்குச் சில வார்த்தைகள்

மாரி தொடங்குமுன் குளக்கட்டின்மேல் ஒருமுறை நடந்து பார்ப்பது வன்னி விவசாயியின் பழைய வழக்கம். கறையான் புற்று உண்டா, எலிவளை உண்டா, துருசுக் கதவு இறுக மூடுகின்றதா என்று பார்த்து, வேண்டிய திருத்தத்தை மழைக்கு முன்னரே செய்துவிடுவார். கட்டு உறுதிப்பட்ட பின்னரே வாய்க்காலில் அவர் கவனம் செல்லும். நம் வீடுகளிலும் கல்லூரிகளிலும் கந்தோர்களிலும் இடம்பிடித்துவிட்ட கணினியின் விஷயத்தில் மாத்திரம் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. பழுதுபட்ட கட்டை அப்படியே விட்டுவிட்டு வாய்க்காலுக்கு மூடி தேடி ஓடுகின்றோம்.

கட்டு என்று இங்கே நாம் குறிப்பது பணிசெயல் முறைமையை. விண்டோஸ் என்று எல்லாரும் அறிந்து வைத்திருப்பது அத்தகைய ஒன்று. மூடிய வாய்க்கால் என்று குறிப்பது மெய்நிகர் தனியார் வலையமைப்பை. ஊர் வழக்கிற் சொன்னால் வீ.பீ.என். "சேர், நல்ல வீ.பீ.என். எது?" என்று மாணவர் அடிக்கடி வினவுகின்றனர். "என் கணினியிலுள்ள விண்டோஸ் இன்னும் திருத்தம் பெறுகின்றதா?" என்று கேட்பவர் மிகச் சிலரே. ஆனால் இரண்டாவது வினாவுக்கு விடை காணாமல் முதலாவதைக் கேட்பதிற் பயனில்லை.

விசைப்பலகையில் நாம் தட்டும் எழுத்தைத் திரைக்குக் கொண்டு சேர்ப்பதும், எந்த மென்பொருளுக்கு எவ்வளவு நினைவகம் என்று பங்கிடுவதும், இணையவழி வந்து கதவைத் தட்டுவோரில் எவரை உள்ளே விடலாம் என்று தீர்மானிப்பதும் பணிசெயல் முறைமையின் வேலை. கோடிக்கணக்கான கட்டளை வரிகளால் ஆன இந்த அமைப்பிற் பிழை இல்லாதிருத்தல் அரிது. பிழை தெரியவரும்போதெல்லாம் அதை இயற்றிய நிறுவனம் ஒரு திருத்தத்தை அனுப்பும். மாதந்தோறும் கணினி தானாக இறக்கிக் கொள்வதும், "மீளத் தொடக்கவும்" என்று நம்மைத் தொந்தரவு செய்வதும் இதுவே. இந்தத் தொந்தரவைப் பொறுக்காமல் அதை நிறுத்தி வைத்திருப்போர் உண்டு. திருத்தம் வெளியாகிய நாள் முதல், எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பது கள்வருக்கும் தெரிந்துவிடுகின்றது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

2017 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆம் திகதி உலகெங்கும் பரவிய 'வன்னாகிரை' என்ற தீநிரல் (பெயரில் வன்னி ஒலித்தாலும் நமக்கும் அதற்கும் உறவில்லை) இவ்வாறான ஓட்டை ஒன்றின் வழியே தான் புகுந்தது. அதற்குரிய திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் மார்ச் மாதம் 14 ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் அதை ஏற்காமல் இருந்த கணினிகளே பெரும்பாலும் அகப்பட்டன. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டு, கப்பம் கேட்கப்பட்டது. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகள் பலவற்றில் நோயாளரின் சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன.

இது தூர தேசத்துக் கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் நமது நாட்டு அரச மின்னஞ்சல் தொகுதிமேல் இத்தகைய தாக்குதல் ஒன்று நிகழ்ந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே மாதம் 17 ஆம் திகதி முதல் ஆகஸ்டு 26 ஆம் திகதி வரையான கடிதங்கள் அழிந்தன. காரணம் இரண்டு. தொகுதியை நடத்திய மின்னஞ்சல் மென்பொருள் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான திருத்தங்கள் அவ்வாண்டு ஏப்பிரலுடன் நின்றுபோயிருந்தன. தரமுயர்த்த வேண்டும் என்று 2021 முதலே எண்ணியிருந்தும் நிதி கிடைக்காமையால் அது தள்ளிப்போயிற்று. மற்றக் காரணம், அந்தக் காலப்பகுதிக்குப் புறம்பான காப்புப் பிரதி இல்லாமை. பணம் இல்லாமையாற் பிற்போடுவதும், பிரதி எடுக்க மறப்பதும் நம் வீடுகளிலும் நடப்பவையே.

2020 ஆம் ஆண்டு ஜனவரி 14 உடன் விண்டோஸ் 7 க்குத் திருத்தம் வருவது நின்றது. விண்டோஸ் 10 க்கு அந்த முடிவுநாள் 2025 ஒக்டோபர் 14. வீட்டுப் பாவனையாளர் பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று ஓராண்டு நீடிப்பு அறிவிக்கப்பட்டது. திருத்தம் நின்றவுடன் கணினி நின்றுவிடாது. அஃது ஓடிக்கொண்டே இருக்கும். அபாயம் அங்கேதான். பழுதுபட்ட சைக்கிள் நடுவழியில் நின்று தன் பழுதைக் காட்டிவிடும். கணினி அவ்வாறு காட்டாது.

வன்னியில் வாழும் நமக்கு இதில் ஒரு தனி அக்கறை உண்டு. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்விற் பிறப்புச் சான்றிதழையும் காணி அனுமதிப்பத்திரத்தையும் பரீட்சைப் பெறுபேற்றையும் இழந்த குடும்பங்கள் பல. மீளக் குடியமர்ந்த பின் கந்தோர் கந்தோராக அலைந்து பிரதிகளைப் பெற்றார்கள். அவ்வாறு பெற்ற பத்திரங்களைப் பிள்ளைகள் ஸ்கான் செய்து கணினியில் இட்டு வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு உறவினர் எவரிடமோ தப்பியிருந்து, பின்னர் அனுப்பிவைக்கப்பட்ட பழைய புகைப்படமும் அதே கணினியில் இருக்கும். இறந்துபோன தமையனுடைய முகம் அந்த ஒரு படத்தில் மாத்திரமே இருக்கக்கூடும். அந்த யந்திரத்துக்கு இருபதினாயிரம் ரூபாவும் பெறாது என்று கடைக்காரர் சொல்வார். உள்ளிருப்பதற்கு விலை சொல்ல அவரால் இயலாது.

ஆகையாற் புதிய முறைமையை நிறுவுவதற்குமுன் செய்ய வேண்டிய முதல் வேலை பிரதி எடுத்தல். இரண்டு பிரதிகள் வேண்டும். ஒன்று அதே வீட்டில் இருக்கலாம், மற்றது வேறோர் இடத்தில் இருக்கட்டும். தமக்கையின் வீட்டு அலுமாரியில் ஒரு வெளி வன்றட்டு இருந்தாலும் போதும். பிரதி எடுத்தபின் அதை இன்னொரு கணினியிற் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பார்க்கப்படாத பிரதியை நம்பி எதையும் அழிக்கலாகாது.

பிறகு கணினியின் தகைமையைப் பாருங்கள். விண்டோஸ் 11 ஐ ஏற்பதற்கு 4 கிகாபைற்று நினைவகமும் 64 கிகாபைற்றுச் சேமிப்பிடமும் வேண்டும் என்பது எளிதில் நிறைவேறும். 'ரீ.பீ.எம். 2.0' என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்ரெல் வகையாயின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டும் என்பதே பலரைத் தடுக்கின்றது. ஏறக்குறைய 2018 க்கு முன் வாங்கிய கணினிகள் பெரும்பாலும் இந்தப் பரீட்சையிற் சித்தியடையா. இதைச் சோதித்துச் சொல்ல மைக்ரோசொப்ட் ஒரு சிறு மென்பொருளை இலவசமாகவே தருகின்றது.

தேறாத கணினியை என் செய்வது? தடையைச் சுற்றிக்கொண்டு புதிய விண்டோஸை ஏற்றித் தருவோர் உளர். அவ்வாறு ஏற்றிய கணினிக்கு எதிர்காலத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. உடைத்த பதிப்புகளை ஏற்றித் தருவோரும் உளர். உரிமம் இல்லாத விண்டோஸை விழிக்கச் செய்யும் அந்தச் சிறு நிரல்களோடு தீநிரல்களும் சேர்ந்து வருவது சாதாரணம். கட்டைத் திருத்த அழைத்தவரே எலியையும் கொண்டுவந்து விட்டாற்போலாகும். இதிலும் நல்ல வழி லினக்ஸ். 1991 ஆம் ஆண்டிற் பின்லாந்து தேசத்து மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்து, உலகத்தார் பலர் கூடி வளர்த்த முறைமை இது. உபுண்டு, மின்ற் முதலிய அதன் பதிப்புகளுக்கு விலை இல்லை. திருத்தங்கள் ஒழுங்காக வருகின்றன. பழைய கணினியிலும் ஓடும். எழுத்தும் இணையமும் பாடமும் மாத்திரம் வேண்டுவோர்க்கு வேறொன்றும் தேவையில்லை என்பது நமது அபிப்பிராயம்.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு மூன்று. விண்டோஸின் நிறுவற் கோப்பு ஐந்து கிகாபைற்றுக்கு மேற்பட்டது. கைத்தொலைபேசியின் மாதப் பொதியை நம்பி ஒவ்வொரு வீடும் தனித்தனியே இறக்குவது வீண்செலவு. 8 கிகாபைற்றுப் பென் ட்ரைவ் ஒன்றில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் ஓர் ஊருக்கே போதும். ஆனால் மைக்ரோசொப்டின் தளத்திலிருந்து நேரே இறக்கியதாக அஃது இருத்தல் வேண்டும். அடுத்தது மின்சாரம். 2022 மார்ச்சு மாத முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு அமுலானதை எவரும் மறந்திரார். இப்போது அத்தகைய நிலை இல்லையாயினும், கார்த்திகை, மார்கழி மாதத்துக் காற்றில் மரக்கொப்பு ஒன்று கம்பியில் விழுந்தாற் போதும். நிறுவல் பாதியில் நிற்கையில் மின்சாரம் போனால் முறைமை முழுவதும் குலையக்கூடும். மடிக்கணினியாயிற் பற்றரியை நிரப்பிக்கொள்ளுங்கள். மேசைக் கணினியாயின் யூ.பீ.எஸ். ஒன்றை இரவலாகவேனும் பெறுங்கள்.

மூன்றாவது விஷயம் நமக்கே உரியது. பழைய முறைமையின்மேல் தரமுயர்த்தாமல் வன்றட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவினால், ஆசிரியர்கள் வருடக்கணக்கிற் தட்டெழுதி வைத்த வினாத்தாள்களைத் திறக்கும்போது தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குழம்பித் தோன்றும். "கோப்பு பழுதாகிவிட்டது" என்று நெஞ்சம் பதறி அவற்றை அழித்தவர்களும் உண்டு. பழுது ஒன்றும் இல்லை. ஈழத்துத் தமிழரிடையே பரவிய 'பாமினி' எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் உருவங்களை வைத்து அமைக்கப்பட்டது. புதிய முறைமையில் அவ்வெழுத்துரு இல்லாமையால் அடியிலிருந்த ஆங்கிலம் வெளித் தெரிகின்றது, அவ்வளவே. பழைய கணினியின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினியைப் பிரதி செய்து புதியதில் நிறுவினால் தமிழ் மீண்டுவிடும். ஒருங்குறி முறையிலான தமிழை விண்டோஸ் 2000 ஆம் ஆண்டு முதலே ஏற்று வருகின்றது. ஆதலாற் புதிதாக எழுதுவனவற்றையாவது ஒருங்குறியில் எழுதினால் இந்தப் பதற்றம் அடுத்த தலைமுறைக்கு வராது.

மூடிய வாய்க்கால்

இனி வாய்க்காலுக்கு வருவோம். நம் நாட்டில் வீ.பீ.என். என்ற சொல் வீதிக்கு வந்தது 2018 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். கண்டி மாவட்டத்துக் கலவரத்தை அடுத்து அம்மாதம் 7 ஆம் திகதி முகநூல், வட்ஸ்அப், வைபர் முதலியன தடுக்கப்பட்டு, ஒரு கிழமையின் பின் திறக்கப்பட்டன. 2019 ஏப்பிரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளை அடுத்து மீண்டும் தடை. மே மாதத்தில் மற்றுமொரு முறை. 2022 ஏப்பிரல் 3 ஆம் திகதி, மக்கள் போராட்டம் மூண்ட வேளையில், பொழுது சாயுமுன்னரே நீக்கப்பட்ட இன்னொரு தடை. அன்று அமைச்சராயிருந்த ஒருவரே, வீ.பீ.என். இருக்கையில் இத்தகைய தடை பயனற்றது என்றும், தாமும் அதன் வழியாகவே எழுதுவதாகவும் பகிரங்கமாக எழுதினார்! ஒவ்வொரு தடையின்போதும் இலவச வீ.பீ.என். ஒன்றைக் கைத்தொலைபேசியில் இறக்கிக் கொண்டவர் ஏராளம். தடை நீங்கியும் அந்த மென்பொருள் பல தொலைபேசிகளில் நீங்கவில்லை.

இவ்வேற்பாடு நடைபெறும் விதம் பின்வருமாறு. போர்க்காலத்திற் செஞ்சிலுவைச் சங்கத்தார் கொண்டு சேர்த்த குடும்ப மடல்களை மூத்தோர் நினைவுகூர்வர். அவை உறையிடப்படாத திறந்த மடல்கள், வழியில் எவரும் வாசிக்கலாம். ஆதிகால இணையமும் அவ்வாறே இருந்தது. இப்போது வங்கித் தளமும் பெரும்பாலான பிற தளங்களும் செய்தியைத் தாமாகவே மறைகுறியாக்கி உறையிலிட்டே அனுப்புகின்றன. ஆயினும் உறையின்மேல் எழுதிய முகவரியை இணைய இணைப்பு வழங்குபவர் காண்பார். வீ.பீ.என். செய்வது யாதெனில், அந்த உறையை மற்றோர் உறைக்குள் இட்டு, தன் சேவையகத்தின் முகவரியை வெளியே எழுதுதல். அங்கே வெளியுறை கிழிக்கப்பட்டு, உள்ளுறை தன் இடத்துக்குப் போகும். இடையில் நிற்பவருக்குச் சேவையகத்தின் முகவரி மாத்திரமே தெரியும். நம் கணினியிலிருந்து இவ்வுறையை இடும் மென்பொருளுக்கே சேவைநாடி என்று பெயர்.

'ஓப்பின் வீ.பீ.என்.' என்னும் புகழ்பெற்ற மென்பொருள் 2001 இல் வெளிவந்தது. அதனை இயற்றிய ஜேம்ஸ் யோனன் மத்திய ஆசியாவிற் பிரயாணம் செய்தவாறே தம் அலுவலக வேலையை இணையவழி செய்துவந்தவர். தம் செய்திகள் எந்தெந்த நாட்டு, எத்தகைய நிறுவனங்களின் கணினிகளைத் தாண்டிப் போகின்றன என்று எண்ணிக் கவலைப்பட்டதன் விளைவே அம்மென்பொருள். தூரத்திலிருப்பவர் தம் வேலைத்தலத்துடன் பாதுகாப்பாகத் தொடர்புகொள்ளுதலே வீ.பீ.என்னின் பிறவி நோக்கம். தடையைத் தாண்டுதல் பின்னர் வந்த உபயோகம்.

ஆனால் இடையில் நிற்பவரிடமிருந்து வீ.பீ.என். மறைப்பதைச் சேவையகத்தை நடத்துபவர் காண்பார். ஆகவே வீ.பீ.என். நம்பிக்கையை இடம் மாற்றுகின்றதேயன்றி, நம்ப வேண்டிய அவசியத்தை ஒழிக்கவில்லை. இதை விளம்பரங்கள் சொல்வதில்லை. முகநூல் நிறுவனம் 2013 இல் வாங்கிய 'ஒனாவோ' என்ற இலவச வீ.பீ.என்., காவல் தருவதாகச் சொல்லிக்கொண்டே, பாவனையாளர் எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் உபயோகிக்கின்றனர் என்ற விவரத்தைத் தன் எசமானருக்குத் திரட்டிக் கொடுத்தது. 2018 ஆகஸ்டில் அப்பிள் நிறுவனத்தின் கடையிலிருந்து அஃது அகற்றப்பட்டது. மறு ஆண்டு மூடப்பட்டது. அவுஸ்திரேலியாவின் அரச விஞ்ஞான ஆய்வு நிறுவனத்தாரும் பிறரும் 2016 இல் அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்கான 283 வீ.பீ.என். செயலிகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 18 செயலிகள் செய்தியை மறைகுறியாக்கவே இல்லை என்றும், நூற்றுக்கு 38 செயலிகளிற் தீநிரலின் அடையாளம் இருந்தது என்றும் கண்டனர். உறையே இல்லாத உறை!

நாட்டுக்கு நாடு சட்டமும் வேறுபடும். 2022 ஏப்பிரலில் இந்திய அரசின் கணினி அவசரநிலைப் பிரிவு, வீ.பீ.என். நடத்துவோர் வாடிக்கையாளரின் பெயர் முகவரிகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அதனை ஏற்காத பெரிய நிறுவனங்கள் சில தம் சேவையகங்களை இந்தியாவிலிருந்து அகற்றிக்கொண்டன. வன்னியிலிருந்து ஒருவர் பட்டியலில் "இந்தியா" என்று தெரிவு செய்கையில் அச்சேவையகம் சிங்கப்பூரிலோ வேறெங்கோ இருத்தல் கூடும்.

அங்ஙனமாயின் நமக்கு எப்போது வீ.பீ.என். வேண்டும்? மாணவருக்கு ஒரு நல்ல காரணம் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டு 1 முதற் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பல்கலைக்கழகங்கள் சந்தா செலுத்திப் பெறும் ஆய்விதழ்கள் பொதுவாக வளாகத்து இணைய முகவரியிலிருந்து கேட்போருக்கே திறக்கும். விடுமுறைக்குத் துணுக்காய்க்கோ ஒட்டுசுட்டானுக்கோ போன மாணவிக்குக் கதவு அடைத்துவிடும். பல்கலைக்கழகம் வழங்கும் வீ.பீ.என்னில் இணைந்தால் அவர் வளாகத்துள் இருப்பவராகவே கொள்ளப்படுவார். இங்கே சேவையகத்தை நடத்துபவர் யார் என்பது தெரியும், நம்பத் தக்கவர். பஸ் நிலையத்திலும் விடுதியிலும் பொது வைபை உபயோகிப்போர்க்கும் ஓரளவு பயன் உண்டு. வீட்டிலிருந்தபடி நாடகம் பார்ப்பவர்க்கு, கட்டணப் பொதி விரைவிற் கரைவதன்றி வேறு பயன் காண்பதரிது.

இணைக்கும் முறை கடினமன்று. விண்டோஸின் 'செற்றிங்ஸ்' பகுதியில் வலையமைப்பு என்ற பிரிவினுள் வீ.பீ.என். என்று ஓர் இடம் உண்டு. அதிற் சேவையகத்தின் முகவரி, இணைப்பின் வகை, பாவனையாளர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை இட்டால் இணைப்பு ஆயத்தம். ஓப்பின் வீ.பீ.என். ஆயின் அதன் சேவைநாடியைத் தனியே நிறுவி, பல்கலைக்கழகம் தந்த அமைவுக் கோப்பை அதற்குக் காட்டினாற் போதும். அந்தக் கோப்பு வீட்டுச் சாவியைப் போன்றது. வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் இடத் தக்கதன்று. லினக்ஸ் உபயோகிப்போர்க்கு 'வயர்கார்ட்' என்னும் சுருக்கமான முறை 2020 மார்ச்சு முதல் முறைமையின் கருவிலேயே சேர்ந்து வருகின்றது. 1990 களில் வந்த 'பீ.பீ.ரீ.பீ.' என்னும் வகையைக் கண்டால் விலக்குக. அதன் பூட்டை உடைக்கும் வழி பலருக்கும் தெரியும்.

முறைமையைத் தரமுயர்த்தும் எண்ணம் இருந்தால் பழைய சேவைநாடியை முதலில் அகற்றிவிடுங்கள். தரமுயர்த்தலின்போது இரண்டும் மோதி, இணையமே வராமற் போவதுண்டு. அமைவுக் கோப்பையும் கடவுச்சொல்லையும் புறம்பாக வைத்துக்கொண்டு, முறைமை நிறுவி, திருத்தங்கள் யாவும் இறங்கி முடிந்தபின் சேவைநாடியைப் புதிதாக நிறுவுக. சிலவேளை திருத்தமே தடையாவதும் உண்டு: 2024 ஏப்பிரலில் வெளியான விண்டோஸ் திருத்தம் ஒன்று வீ.பீ.என். இணைப்புகளை முறித்தது, மைக்ரோசொப்ட் தவறை ஏற்று மறு மாதமே சரிசெய்தது. அதற்காகத் திருத்தத்தை நிரந்தரமாக நிறுத்தியவர்கள் காய்ச்சலுக்குப் பயந்து சோற்றைத் துறந்தவர்களாவர்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் இணைப்பு வராவிட்டால், கடவுச்சொல்லை ஐயுறுமுன் திரையின் மூலையிலுள்ள திகதியைப் பாருங்கள். பழைய மேசைக் கணினிகளில் தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற சிறு பற்றரி இறந்துவிட்டால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கணினியின் நாட்காட்டி பல வருடம் பின்னே போய்விடும். சேவையகம் காட்டும் அத்தாட்சிப் பத்திரத்தைக் கணினி பார்த்து, "இது இன்னும் தொடங்காத காலத்துப் பத்திரம்" என்று மறுத்துவிடும். அந்தப் பற்றரி கொம்பியூட்டர் கடைகளிற் கிடைக்கும். அதை மாற்றித் திகதியைத் திருத்தியபின் மறுபடியும் இணைத்துப் பாருங்கள்.